பஞ்சநாதன் விட்ட ஒரு முழம்

பெயிண்டர் பஞ்சநாதன் பெண் பார்க்கப் போனபோது பெண்ணைப் பார்க்கவில்லை. செந்துறையில் ஜமக்காளம் விரித்து உட்காரவைத்தார்கள், கேசரி கொடுத்தார்கள், செங்கமலத்தைக் காபித் தட்டோடு கொண்டுவந்து எதிரே நிறுத்தினார்கள். மாப்பிள்ளையின் கண் அவள் தலைக்கு ஒரு சாண் மேலே போய் நின்றுவிட்டது. பையன் கூச்சப்படுகிறான் என்று அவருடைய சித்தப்பா பெருமையாகச் சொன்னார். "புடிச்சிருக்கா தம்பி?" என்று பெண்ணின் தாய்மாமன் கேட்டதும்தான் பஞ்சநாதன் வாயைத் திறந்தார்.

"பட்டி சரியா பாக்கலைங்க. சொவரு உப்புது. அடுத்த மழைக்கு உரிஞ்சிரும்."

கல்யாணம் எப்படியோ நடந்தது. மகள் அபிநயா காலேஜ் போகிற வயசுக்கு வந்த பிறகும் செங்கமலம் அதை விடவில்லை. மனுஷன் எதற்காவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், "என்னங்க, சொவரு உப்புதா?" என்று கேட்டுவிட்டு உலையை வைக்கப் போவாள்.

பஞ்சநாதனின் அப்பா விக்கிரமங்கலத்தில் காலமெல்லாம் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர். மகன் பெரம்பலூருக்கு வந்து, முதலில் மணல் சலித்து, பிறகு உப்புத்தாள் தேய்த்து, அதற்கும் பிறகு, பெயிண்டுக்கு முன்னால் சுவரை வழவழப்பாக்கும் பட்டித் தகட்டைக் கையில் வாங்கினார். வாங்கியதிலிருந்து அந்தக் கைக்கு ஒரு பெயர். சுவரில் குண்டூசி முனை இடம் விடமாட்டார். வேலை முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து அடித்துப் பார்ப்பார். மேடு பள்ளம் இருந்தால் அந்த வெளிச்சத்தில் நிழல் விழும். விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. பஞ்சநாதன் அடித்த சுவரில் ஈ உட்கார்ந்தால் வழுக்கிக் கீழே விழும் என்று ஊரில் சொல்வார்கள். அவரும் மறுத்ததில்லை.

அப்படிப்பட்டவருக்கு அரியலூரில் ஒரு பெரிய வேலை வாயில் விழுகிற தூரத்தில் இருந்தது. வைத்திலிங்கம் என்பவர் அங்கே புதிதாகக் கல்யாண மண்டபம் கட்டியிருந்தார். அரியலூர் முழுக்க அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் பஞ்சநாதனிடம் சொன்னது ஒரே வார்த்தை.

"லத்தீப் பாய் வூட்ட முடி. ஒரு நாளு நான் வந்து கண்ணால பாக்கறேன். புடிச்சிருந்தா மண்டபம் உனக்கு. இல்லாட்டி சுரேஷ்குமாருக்கு."

சுரேஷ்குமார் அரியலூர்ப் பெயிண்டர். அவர் சுவரில் ஈ உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும் என்பது பஞ்சநாதனின் கருத்து.

லத்தீப் பாய் லப்பைக்குடிக்காட்டுக்காரர், குவைத்தில் இருக்கிறார். பெரம்பலூரில் மாடி வீடு கட்டி, கீழே மனைவி ரஷீதாவைக் குடிவைத்துவிட்டு, மாடியை வாடகைக்கு விடுவதாக ஏற்பாடு. பெருநாளுக்கு லீவில் வருகிறார். அதற்குள் வீடு பளிங்கு மாதிரி இருக்க வேண்டும்.

மாடிக்கு வந்து சேர்ந்தவர்கள் வெளிநாட்டுக்காரர்கள். கணவர் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் பல கோடி வருஷத்துக்கு முந்திய நத்தைகள் கல்லாகிக் கிடப்பதை ஆராய வந்தவர். தினமும் காலையில் தொப்பியோடு கிளம்பி, சாயங்காலம் ஆள் முழுக்க வெள்ளையாகத் திரும்பி வருவார். தெருவில் அவருக்கு 'நத்தை சார்' என்று பெயராகிவிட்டது. மனைவி ரிவ்கா. அறுபதைத் தொட்டவர், பஞ்சநாதனைவிட ஒரு தலை உயரம், ஓவியம் வரைகிறவர். வருவதற்கு முன்னால் ஒரு வருஷம் கம்ப்யூட்டரில் வாத்தியார் வைத்துத் தமிழ் படித்திருந்தார். அந்த வாத்தியார் எந்தக் காலத்து ஆளோ தெரியவில்லை.

சாமான் இறங்கிய அன்றைக்கு மாடிக் கூடத்தில் ஒரே ஒரு சுவர் மிச்சம், வாசலுக்கு நேர் எதிர்ச்சுவர். பஞ்சநாதன் பட்டியைக் குழைத்துத் தகட்டில் எடுத்தார். பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஐயா, நிறுத்துக! இவ்விடம் வெறுமையாக இருக்கட்டும்."

பாடப் புத்தகம் எழுந்து நின்று பேசியதுபோல் இருந்தது பஞ்சநாதனுக்கு. திரும்பிப் பார்த்தார்.

"எவ்விடம் மேடம்?" தன் வாயிலிருந்து 'எவ்விடம்' வந்ததில் அவருக்கே ஆச்சரியம்.

"வாசலுக்கு எதிரே. ஒரு முழம் நீளம், ஒரு முழம் அகலம். பூசலாகாது."

"எதுக்குங்க? போட்டோ மாட்டவா? போட்டோ மாட்டுனாலும் பின்னாடி பூசணும். நாளைக்கே போட்டோவக் கழட்டுனா எம்பேரு என்னாவறது?"

ரிவ்கா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து விளக்கினார். அவர்கள் யூதர்கள். எருசலேமில் அவர்களுக்கு ஒரு கோயில் இருந்தது. அது இடிக்கப்பட்டது. அதனால் அவர்கள் ஆட்கள் புது வீட்டில் வாசலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு முழம் பூசாமல் விடுவது வழக்கம். எவ்வளவு சந்தோஷமாக இருந்தாலும் அது கண்ணில் பட வேண்டும்.

"ஐயோ பாவம். எப்பங்க இடிஞ்சது?"

"ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பு."

பஞ்சநாதன் தகட்டில் இருந்த பட்டியைப் பார்த்தார். காய்ந்துகொண்டிருந்தது. "ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி இடிஞ்சதுக்கு நான் இன்னிக்குப் பட்டி பாக்கக் கூடாதா?"

"கூடாது," என்றார் ரிவ்கா மிகுந்த மரியாதையோடு.

"திருஷ்டிக்குன்னா சொல்லுங்க, பூசணிக்கா கட்டிடலாம். மூஞ்சியெல்லாம் நானே வரைஞ்சு தரேன்."

"திருஷ்டி அன்று, ஐயா. நினைவு."

வேறு வழியில்லை என்று ஆனதும் பஞ்சநாதன் அளவில் கை வைத்தார். ரிவ்கா தன் முழங்கையைச் சுவரில் ஊன்றி விரலை நீட்டிக் காட்டியதும் அவர் தகட்டைக் கீழே வைத்துவிட்டார். அது முழமா, கூரைக்குப் போடுகிற பனங்கையா?

"மேடம், ஒங்களுக்குக் கை நீளம். இந்த அளவ எங்க ஊர் பூக்காரம்மாகிட்ட குடுத்தா மூணு மொழம்னு வித்துரும். பூக்கார மொழம் இம்புட்டுத்தான்." மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டினார்.

ரிவ்கா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நெற்றியைச் சுருக்கி யோசித்தார். பூக்காரி முழத்துக்கும் தன் முழத்துக்கும் நடுவே எது நியாயம் என்று உண்மையாகவே எடைபோட்டார். கடைசியில், "சுவரைப் பூசுபவர் நீங்கள். ஆகவே உங்கள் முழமே ஆகட்டும்," என்றார். பஞ்சநாதன் சந்தோஷமாகக் கையை எவ்வளவு மடக்க முடியுமோ அவ்வளவு மடக்கி ஊன்றினார். ரிவ்கா அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நிமிர்த்திவிட்டுப் பென்சிலால் கோடு போட்டார். கீழ் மூலையில் தங்கள் மொழியில் ஒரு சின்ன எழுத்தும் எழுதினார்.

சுற்றிலும் பட்டி பார்த்துக்கொண்டிருக்கும்போது ரிவ்கா தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். அவர் மாஸ்கோவில் ஓவியர். அந்தக் காலத்தில் அங்கே சர்க்காருக்குப் பிடித்ததைத்தான் வரையலாம். மற்றதை வரைகிறவர்கள் ஒளித்து வைத்துத்தான் காட்ட வேண்டும். யாராவது ஒருவர் வீட்டு அடுப்படியில் படங்களை மாட்டி, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, நம்பிக்கையான ஆட்கள் மட்டும் வந்து பார்த்துவிட்டு டீ குடித்துப் போவார்கள். யூதர் என்பதையும் உரக்கச் சொல்ல முடியாது. சொன்னால் வேலை போகும். அவருடைய அப்பா தன் முறை வந்தபோது ஒன்றும் வரையவில்லை. அடுப்படிச் சுவரில் ஒரு முழம் பூசாமல் விட்டுவிட்டு, இதுதான் என் ஓவியம் என்றார். தெரிந்தவர்களுக்கு அது கோயில். தெரியாதவர்களுக்கு அது சுவர். ஒருமுறை அதிகாரி ஒருவர் சோதனைக்கு வந்து வீட்டையெல்லாம் புரட்டிவிட்டு, கடைசியில் அந்த இடத்தைக் காட்டி, சீக்கிரம் பூசச் சொல்லித் திட்டிவிட்டுப் போனார்.

"அந்த ஆபீசர் நல்ல மனுசன்," என்றார் பஞ்சநாதன்.

ரிவ்கா சிரித்தார். அப்பா போன பிறகு தான் குடியிருந்த ஒவ்வொரு வீட்டிலும் ஒரு முழம் விட்டு வந்திருப்பதாகவும், தான் வரைகிற ஓவியம் அந்த ஒன்றுதான் என்றும் சொன்னார்.

யூதர் என்று உரக்கச் சொல்ல முடியாது என்றது மட்டும் பஞ்சநாதனுக்குச் சட்டென்று விளங்கியது. பெரம்பலூருக்கு வந்த புதிதில் வாடகைக்கு வீடு தேடியபோது, விக்கிரமங்கலத்தில் எந்தத் தெரு என்று கேட்காத வீட்டுக்காரர் கிடையாது. பஸ் ஸ்டாண்டு பக்கம் என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார். விக்கிரமங்கலத்தில் பஸ் ஸ்டாண்டே கிடையாது. அதை இவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

மாடி ஏறிவந்த ரஷீதா எதிர்ச்சுவரைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தாள்.

"அல்லாவே! பஞ்சநாதண்ணே, இது என்னா சொறி புடிச்ச மாதிரி?"

"என்னையக் கேக்காதீங்க பாயம்மா. அவுங்க கோயிலு இடிஞ்சிருச்சாம்."

ரிவ்கா மறுபடி எல்லாவற்றையும் செந்தமிழில் விளக்கினார். யூதர் என்றதும் ரஷீதா கண்ணை இடுக்கினாள். "யஹூதியா? மூசா நபியோட ஆளுங்களா?"

"ஆம்."

"பன்னி?"

"உண்ணோம்."

"புள்ளைக்கு சுன்னத்து?"

"செய்வோம்."

ரஷீதா விரல் விட்டு எண்ணி உறவு பார்த்தாள். "அப்ப நாங்க இப்ராகிம் நபியோட மூத்த மவன் வழி. நீங்க எளையவரு வழி. அடி ஆத்தீ, பங்காளிங்கல்ல?"

"பங்காளி என்றால்?" என்று கேட்டார் ரிவ்கா. அந்தச் சொல் வாத்தியார் பாடத்தில் இல்லை.

"ஒரே சொத்துக்கு அடிச்சுக்குறவங்க," என்றார் பஞ்சநாதன் சாரத்தின் மேலிருந்து.

"அண்ணே, நீங்க சும்மா இருங்க," என்ற ரஷீதா கீழே போய் ஒரு தட்டில் இனிப்பு வட்டலப்பம் கொண்டுவந்தாள். பங்காளியாகிவிட்டதால் சண்டை போடவும் முடியவில்லை. ஆனால் குவைத்திலிருந்து வீடியோ கால் வரும்போதெல்லாம் அவள் பாடு திண்டாட்டம். மாடியைக் காட்டு என்று லத்தீப் பாய் சொன்னால் ஓடிவந்து அந்த இடத்தை முதுகால் மறைத்து நின்றுகொள்வாள். "நீ தள்ளு, சொவத்தக் காட்டு," என்பார். "ஏன் மச்சான், என் மூஞ்சி புடிக்கலையா?" என்பாள். பாய் பேச்சை மாற்றிவிடுவார். அந்தக் கேள்வி ஒவ்வொரு தடவையும் வேலை செய்தது.

இதெல்லாம் நாலு சுவருக்குள் இருந்திருந்தால் பஞ்சநாதன் சமாளித்திருப்பார். வைத்திலிங்கம் வருகிற அன்றைக்கு அங்கே பீரோவை நகர்த்தி வைத்துவிடலாம் என்று திட்டமும் இருந்தது. நடுவில்தான் அழைப்பு வந்தது.

"ஐயா, ஞாயிறன்று என் இல்லத்தில் ஓவியக் கண்காட்சி. துணைவியாருடன் அவசியம் வருக."

துணைவியார் பட்டுப் புடவை கட்டிக்கொண்டாள். பஞ்சநாதன் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். மாடி ஏறினால் பட்டப்பகலில் ஜன்னல் திரையெல்லாம் இழுத்து மூடியிருந்தது. அப்பா காலத்து முறையாம். சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த ஏழெட்டுப் பேர் வேர்த்து ஊற்ற, கண்ணாடி டம்ளரில் பாலில்லாத டீயைப் பிடித்தபடி, எதிர்ச்சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள். பீச்சாங்கைப் பக்கம் ஒரு படம், சோத்தாங்கைப் பக்கம் ஒரு படம் என்று செங்கமலம் தேடினாள். ஒன்றும் இல்லை. எல்லாரும் பார்த்தது அந்த ஒரு முழத்தைத்தான்.

"என்ன ஒரு மௌனம்!" என்றார் குடுமி வைத்த ஒருவர்.

"யாரும் பேசலைன்னா மௌனமாத்தானங்க இருக்கும்?" என்றாள் செங்கமலம்.

"அந்தச் சாம்பல் நிறத்தைப் பாருங்கள். எவ்வளவு இழப்பு!"

"இழப்புல்லாம் இல்லைங்க, மணலு கொஞ்சம் கூடிப்போச்சு," என்று பஞ்சநாதன் பணிவாகத் திருத்தினார். "அது கொத்தனாரு வேல."

குடுமிக்காரர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். எதற்கு என்று பார்த்தால், சுவரில் அந்த இடத்துக்குக் கீழே ஒரு வெள்ளை அட்டை ஒட்டியிருந்தது. தமிழிலேயே எழுதியிருந்தது. செங்கமலம் எழுத்துக் கூட்டி எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

"ஒரு முழம். ஓவியர்கள்: ரிவ்கா, பஞ்சநாதன்."

பஞ்சநாதன் குனிந்து தானும் ஒருமுறை வாசித்தார். வாழ்நாளில் அடித்த சுவர் எதிலும் அவர் பெயர் கிடையாது. அடிக்காத சுவரில் இருந்தது.

"மேடம், எம்பேரு எதுக்குங்க?"

"அளவு உங்கள் கை அல்லவா? பாதி ஓவியம் உங்களுடையது," என்றார் ரிவ்கா. முகமெல்லாம் அன்பு.

அத்தோடு போயிருந்தாலும் பரவாயில்லை. சென்னைக்காரர்கள் நடுவில் புருஷன் பெயரைப் பார்த்த பூரிப்பில் செங்கமலம் அதைப் போட்டோ எடுத்து, இரண்டு ரோஜாப் பூ வைத்து, ஸ்டேட்டஸில் போட்டுவிட்டாள். செந்துறைச் சொந்தம் எல்லாம் கை கும்பிட்டது. சுரேஷ்குமார் அதை எடுத்துப் பெயிண்டர்கள் குரூப்பில் போட்டார், தன் குரலையும் சேர்த்து.

"அண்ணே, பெயிண்டு பத்தலைன்னா ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல? நம்மகிட்ட கால் டப்பா மிச்சம் கெடக்குது. இதுக்குப் போயி கையெழுத்து வேற போட்டு வச்சிருக்கீங்க?"

பாடாலூர்ப் பெயிண்டர்கள் வரை சிரித்தார்கள். மறுநாள் காலையில் வைத்திலிங்கமே கூப்பிட்டார்.

"என்ன பஞ்சநாதா, லத்தீப் வூட்ல நட்ட நடு ஹால்ல எடம் விட்டியாம்?"

"அது வந்துங்க, அவுங்க கோயிலு..."

"எம்மண்டபத்துல கல்யாணம் நடக்கும்யா. பொண்ணு மாப்ள பின்னாடி சொவத்துல ஓட்ட தெரிஞ்சா, வீடியோக்காரன் என்னைய ஏசுவான். அப்பறம் பாத்துக்கலாம் விடு."

வைத்திலிங்கத்தின் 'அப்பறம்' என்றால் என்ன என்று அரியலூரில் எல்லாருக்கும் தெரியும். அப்புறம் கிடையாது.

"ஏன்டி போட்ட?" என்று பஞ்சநாதன் கேட்டார்.

"நான் கண்டனா? ஓவியர்னு போட்டிருந்துச்சு. ஒங்கள யாரு இதுவரைக்கும் ஓவியர்னு கூப்ட்டா?" என்றாள் செங்கமலம். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. மேற்கொண்டு அவளைத் திட்டவும் முடியவில்லை.

அடுத்த நாள் ரிவ்கா கணவரோடு சுரங்கத்துக்குப் போனார். பஞ்சநாதன் பட்டி டப்பாவோடு வந்து ரஷீதா முன்னால் நின்றார். ரஷீதா சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு, "எனக்கு ஒன்னும் தெரியாது. நான் தொழுவப் போறேன்," என்றாள்.

அவர் வாழ்க்கையிலேயே ஆகச் சிறந்த வேலை அது. அட்டையைக் கழற்றி ஓரமாக வைத்தார். பட்டி, உப்புத்தாள், மறுபடி பட்டி, பிரைமர், அதன் மேல் கலர், அது காய ஃபேன், மறுபடி கலர். டார்ச்சை ஒட்டிப் பிடித்து அடித்தார். சுவர் குளத்துத் தண்ணீர் போல நின்றது. எங்கே இருந்தது என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் தலை நிமிர்ந்து சாமானைக் கட்டிக்கொண்டிருக்கும்போது வாசலில் ரிவ்கா நின்றார்.

கத்துவார் என்று எதிர்பார்த்தார். ரிவ்கா கத்தவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் ஸ்டூலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸைத் தவறவிட்டவர் ரோட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"மிக நேர்த்தி," என்றார். "அது எங்கே?"

சுவரைப் பற்றி யார் பாராட்டினாலும் உள்ளே ஒன்று துள்ளும் பஞ்சநாதனுக்கு. அன்று துள்ளவில்லை. தன் பெயரைக் காப்பாற்றப் போய், கேட்காமல் அடுத்த பொம்பளை வீட்டுக்குள் பூந்து, அவர்கள் அப்பா விட்டதை அடைத்திருக்கிறோம் என்று உறைத்தது. சர்க்கார் ஆபீசர்கூட அதைத் தொடாமல்தான் போயிருக்கிறான்.

"தப்பாப் போச்சு மேடம். இப்பவே பக்கத்துல வேற ஒன்னு சொரண்டித் தரேன். ஒரு மொழமென்ன, ரெண்டு மொழம்."

"தோண்டிய இடம் வேண்டாம், ஐயா. விட்ட இடம் வேண்டும்."

அந்த வித்தியாசம் பஞ்சநாதனுக்குப் புரிந்தது. தொழில்காரனுக்குத்தான் புரியும். உரிந்த சுவர் வேறு, விட்ட சுவர் வேறு. அவர் தகட்டை எடுத்தார். போட்டோ இருக்கிறதா என்று கேட்டார். ரிவ்கா காட்டிய போட்டோவில் அந்தச் சதுரம் மட்டும்தான் இருந்தது, அக்கம்பக்கம் ஒன்றுமில்லை. கலைப்படம். செங்கமலத்தின் ஸ்டேட்டஸைப் பார்த்தார்கள். சுவர் தெரிய வேண்டிய இடத்தில் ரோஜாப் பூ.

"இங்கதான்," என்று அடித்துச் சொல்லிச் சுரண்டினார். சிமெண்ட் வந்தது. மூலையில் எழுத்து இல்லை. "அப்ப இந்தப் பக்கம்." அங்கேயும் இல்லை. மூன்றாவது இடத்தில் முட்டி போட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு சுரண்டியதில் பென்சில் எழுத்து எட்டிப் பார்த்தது. ரிவ்கா கை தட்டினார்.

அந்த நேரம் பார்த்துக் குவைத்திலிருந்து கால். கீழே ரஷீதாவுக்கு மாடி பூசியாகிவிட்டது என்று மட்டும்தான் தெரியும். இத்தனை நாளும் முதுகைக் காட்டி நின்றவள், இன்றைக்குத் தைரியமாகப் படி ஏறினாள். "சொவத்தக் காட்டு சொவத்தக் காட்டுன்னீயளே மச்சான், இந்தாங்க, நல்லா கண்குளிரப் பாத்துக்குங்க!" என்று போனை நீட்டிப் பிடித்தபடி உள்ளே வந்தாள்.

போனுக்குள் பாயின் முகம் திரைக்குக் கிட்டே வந்தது.

"ரஷீதா," என்றது குரல். "வூட்டுக்குள்ள எலி பூந்துருச்சா?"

சுவரில் மூன்று ஓட்டை. நடுவில் முட்டி போட்டு, தலையெல்லாம் பட்டித்தூளோடு பஞ்சநாதன். ரிவ்கா முன்னால் வந்து, "என் குற்றம், பெரியீர்..." என்று தொடங்கினார். அந்தக் குற்றத்தை அப்படியே ரிவ்கா தலையில் விட்டுவிட்டுக் கிளம்பினால் பஞ்சநாதன் தப்பித்துவிடலாம். மண்டபம்கூடக் கிடைக்கலாம். அவர் எழுந்து சட்டையைத் தட்டினார்.

"பாய், மேடத்த ஒன்னும் சொல்லாதீங்க. இதுல ரெண்டு நான் தோண்டுனது, ஒன்னு நான் விட்டது. தோண்டுனத அடைச்சிருவேன். விட்டது அப்புடியேதான் இருக்கும்."

"எதுக்குய்யா?"

"அதுல எம்பேரு இருக்கு பாய்."

லத்தீப் பாய் மனைவியைக் கேட்டார். ரஷீதா கோயில், முழம், மாஸ்கோ, பங்காளி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். பாதி கேட்டதும் பாய்க்குத் தலை சுற்றியிருக்க வேண்டும். "பங்காளிங்கறே. சரி, ஒன்னு இருந்துட்டுப் போவட்டும். ஆனா அந்த ரெண்டும் எங்க இருந்துச்சுன்னு நான் வரும்போது தெரியக் கூடாது. தெரிஞ்சுச்சு, பஞ்சநாதா..." மிச்சத்துக்கு சிக்னல் கிடைக்கவில்லை.

பஞ்சநாதன் மறுநாளே இரண்டையும் அடைத்தார். முன்பு அடித்ததைவிடச் சுத்தம். மிச்சமிருந்த அந்த ஒரு முழத்துக்கு நூல் பிடித்து, டேப் ஒட்டி, நாலு ஓரத்தையும் கத்தி வைத்து அறுத்ததுபோல் நேராக்கினார். விட்ட இடமாகவே இருந்தாலும் கோணலாக விடுவானேன்?

அதற்குள் சுரேஷ்குமார் வாயிலாக அரியலூருக்கு ஒரு ஓட்டை மூன்று ஓட்டையாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. வைத்திலிங்கம் போன் போட்டுச் சிரித்தார். பஞ்சநாதனுக்கு வந்தது ரோஷம்.

"ஆமாங்க, மூணு. ரெண்ட அடைச்சிட்டேன். நீங்களே வாங்க. சுரேஷ்குமாரையும் கூட்டிட்டு வாங்க. அடைச்ச எடம் எதுன்னு காட்டிட்டா, மண்டபத்த அவனுக்கே குடுத்துருங்க. நானே வந்து சாரம் கட்டித் தரேன்."

வந்தார்கள். சுரேஷ்குமார் டார்ச் கொண்டுவந்திருந்தார், பூதக்கண்ணாடி கொண்டுவந்திருந்தார். சுவரைத் தடவினார், நகத்தால் தட்டினார், காதை வைத்துக் கேட்டார். வைத்திலிங்கம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபக்கத்திலிருந்து வந்தார். இருவரும் மூக்கு உரச நகர்ந்து நகர்ந்து நடுவில் வந்து முட்டிக்கொண்டார்கள். ரிவ்கா கண்காட்சி அன்றைக்குச் செய்ததுபோல் ஓசைப்படாமல் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டார். எதிரே பட்டவர்த்தனமாக இருந்த ஒரு முழத்தை ஏறெடுத்தும் பார்க்காமல், இல்லாத இரண்டு இடத்தை இரண்டு ஆம்பளைகள் முகத்தால் தேடுவதை அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தார். நத்தை சார் ஒரு ஓரத்தில் நின்று, கல்லில் எதையாவது தேடும்போது தானும் இப்படித்தான் இருப்போமோ என்று கவலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தா, இதான்!" என்றார் சுரேஷ்குமார், ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் விரலை வைத்து.

"போடா, அது இல்ல, இதான்," என்றார் வைத்திலிங்கம், சுவர் ஃபேனுக்குக் கீழே விரலை வைத்து.

"ரெண்டும் இல்ல," என்றார் பஞ்சநாதன் கையைக் கட்டிக்கொண்டு.

"அப்ப எங்கன்னு நீதான் சொல்லேன்யா."

"அதச் சொல்ல மாட்டேன்." சொல்ல அவருக்கே தெரியாது. இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறார். அது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை என்று முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டார்.

வைத்திலிங்கம் இன்னொரு முறை சுவரைத் தடவினார். புறங்கையால் தடவினார். பெருமூச்சு விட்டார்.

"திங்கக்கெழம சாரம் கட்டு. ஆனா ஒன்னு பஞ்சநாதா, எம்மண்டபத்துல இந்த மாதிரி ஓவியம் கீவியம்னு வந்த, தொலைச்சுப்புடுவேன்."

சுரேஷ்குமார் பூதக்கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கினார். பாதிப் படியில் நின்று, "பட்டி எந்தக் கம்பெனிண்ணே?" என்று மட்டும் கேட்டார்.

எல்லாரும் போன பிறகு ரிவ்கா ஓரத்தில் கிடந்த வெள்ளை அட்டையை எடுத்துவந்தார். அதில் பட்டி சிதறியிருந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஐயா, உங்களுக்கு மிகுந்த துன்பம் கொடுத்துவிட்டேன். புது அட்டை எழுதுகிறேன். உங்கள் பெயரை நீக்கிவிடட்டுமா?"

பஞ்சநாதன் சுவரைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். பெருநாளைக்கு லத்தீப் பாய் வருவார், அவரோடு லப்பைக்குடிக்காட்டிலிருந்து பாதி ஊர் வந்து மாடி ஏறும். அத்தனை பேரும் முதலில் வந்து நிற்கப் போவது இந்த இடத்துக்கு முன்னால்தான்.

"பேரு இருக்கட்டும் மேடம்," என்றார். "கீழ எம்போன் நம்பரையும் போட்டுருங்க."

ரிவ்கா எழுத ஆரம்பித்தார். மூன்றாவது எண்ணிலேயே வரி கீழ்நோக்கி இறங்கியது. பஞ்சநாதன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு பேனாவைத் தானே வாங்கிக்கொண்டார்.